கை வைத்தால் நிற்கிற சத்தம்

தண்ணி மட்டும் போதும் தம்பி. காப்பியெல்லாம் அப்புறம் பாத்துக்கிடலாம். தூத்துக்குடியில காலையில அஞ்சே முக்காலுக்கு ஏறினேன், அருப்புக்கோட்டையில ஒரு டீ, அவ்வளவுதான். இந்தப் பைய மடியிலயே வச்சிக்கிட்டு வந்தேன். கண்டக்டர் மேல தூக்கிப் போடுங்கன்னாரு. போட முடியாது, உள்ள ஆள் இருக்குன்னு சொன்னேன். ஒரு மாதிரி பாத்துட்டுப் போயிட்டாரு.

நீங்க போன்ல ‘இருக்கு, வாங்க’ன்னு சொன்னீங்கள்லா, அந்த ரெண்டு வார்த்தைய நம்பி கடையப் பூட்டிட்டு வந்துட்டேன்.

என்ன? இருங்க, இருங்க. என்ன சொல்ல வாறீங்கன்னு எனக்குத் தெரியும். வித்த பொருள எவனாவது திருப்பிக் கேப்பானான்னுதான? கேக்கக்கூடாதுதான். என்கிட்ட ஒருத்தன் வந்து கேட்டா வாசல்லயே அனுப்பிருவேன். அதான் முழுசா சொல்லிடுதேன். கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க. எனக்கு வேண்டியது கிட்டார்க் கம்பிக்கு அடியில சத்தம் பிடிக்கிற அந்தப் பழைய பிக்கப் ஒண்ணுதான். போன வருசம் ஜூலையில நான் உங்களுக்குக் கூரியர்ல அனுப்பினேம்லா, அது. வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள அது இந்தக் கிட்டார்ல இருக்கணும்.

என் பேரு கஸ்பார். தொழிலு மோட்டார் வைண்டிங். எரிஞ்ச மோட்டார் வந்தா பிரிச்சு, காயில் சுத்தி, ஓடவச்சுக் குடுப்பேன். பைத்தியம் பேஸ் கிட்டார். வீட்ல ஏழு கிடக்கு. ஒண்ணு கொச்சியில ஒரு கப்பல்காரன்கிட்ட வாங்கினது, ஒண்ணு ஊட்டியில ஒரு எஸ்டேட் பங்களாவுல பரண்ல கிடந்தது. கட்டில்ல கிட்டார் படுத்திருக்கு, நாங்க தரையில படுத்திருக்கோம்னு என் வீட்டுக்காரி ரெஜினா வாரவன் போறவன்கிட்டயெல்லாம் சொல்லுவா. சொல்லட்டும். வாங்கின அன்னைக்கே ஸ்க்ரூவக் கழட்டி உள்ள பாத்துருவேன். பாக்காம எனக்குச் சோறு இறங்காது. உள்ள என்னத்தையாவது ஒண்ண மாத்தினாத்தான் அது என் கிட்டார். நீங்களும் அப்படித்தானே? மேசையப் பாத்தாலே தெரியுதே. சால்டர் அயர்ன், காப்பர் கம்பி, நாலு காந்தம். உங்ககிட்ட நான் புதுசா என்னத்தச் சொல்ல?

இந்தக் கிட்டார் என்னுது இல்ல. பெலிக்ஸ் அண்ணனோடது. முழுப் பேரு பெலிக்ஸ் மச்சாது. துறைமுகத்துல கிரேன் ஓட்டுனவரு. எங்க கோயில் பாடகர் குழுவுல பதினெட்டு வருசம் இத வாசிச்சாரு. அவருக்கு ஷிப்டு மாட்டுற ஞாயித்துக்கிழம நான் என் கிட்டாரக் கொண்டுபோயி வாசிப்பேன். மத்த ஞாயித்துக்கிழம மைக் செட் பக்கத்துல உக்காந்திருப்பேன். பேஸ் வாசிக்கவன எவனும் பாக்க மாட்டான் தம்பி, அது உங்களுக்கே தெரியும். பாடுறவளப் பாப்பான், டிரம்ஸ்காரனப் பாப்பான். நிறுத்தினாத்தான், அட, இங்கன ஒருத்தன் இருந்தானேன்னு தோணும்.

பாடுறது அண்ணன் சம்சாரம். ஜெசிந்தா மைனி. அவிய குரல் எப்படின்னு எனக்குச் சொல்லத் தெரியாது. பூசையில சாமியார் நன்மை, அந்த அப்பம், குடுக்கும்போது ஒரு பாட்டு உண்டு. கீபோர்டு கிடையாது, டிரம்ஸ் கிடையாது, மொத வரிய மைனி தனியா எடுப்பாவ. ரெண்டாவது வரியிலதான் அண்ணன் சேருவாரு. வரிசையில நிக்கவன் கூட திரும்பிப் பாத்துட்டுத்தான் நாக்க நீட்டுவான்.

ஆனா இந்தக் கிட்டார்ல ஒரு கோளாறு. ஆம்ப்ல வயரச் சொருகினதும் ‘ம்ம்ம்’னு ஒரு ஹம் கிளம்பும். அண்ணன் கம்பிமேல உள்ளங்கைய வச்சா டக்குனு நின்னுரும். எடுத்தா திரும்ப வரும். ஒத்தக் காயில் பிக்கப், உள்ள ஒரு தகடு தடுப்பு கிடையாது, ஊர்ல உள்ள கரண்டு சத்தத்தயெல்லாம் இழுத்துக் குடுக்கு. ஆள் தொட்டா அடங்குது. உங்களுக்குத் தெரியாததா. பதினெட்டு வருசம் கோயில்ல அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டுப் பல்லக் கடிச்சிட்டு இருந்தவன் நான். நான் எலக்ட்ரிக்கல்காரன். எர்த் சரியில்லாத பொருளப் பாத்தா எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

எத்தனை தடவ சொல்லியிருப்பேன். “அண்ணே, ஒருநா கடைக்குக் கொண்டாங்க, அரை மணி நேர வேலை.” அண்ணன் சிரிப்பாரு. “இருக்கட்டும்டே, அது பாட்டுக்கு இருக்கு.” இதேதான், எப்பக் கேட்டாலும் இதே பதில். எனக்கு ஆத்தாமையாப் போயிரும்.

இன்னொண்ணு சொல்லணும். அண்ணனுக்கு ஷிப்டு மாட்டி நான் வாசிக்கிற அன்னைக்கு மைனி அந்தப் பாட்ட எடுக்க மாட்டாவ. வேற பாட்டுதான். அத நான் அப்பக் கவனிச்சேன், ஆனா ஏன்னு கேக்கல. புருசன் இல்லாம அந்தப் பாட்டப் பாடக் கூச்சமா இருக்கும்னு நானே நினைச்சிக்கிட்டேன்.

ரெண்டு வருசத்துக்கு முன்னால, அக்டோபர் மாசம். அண்ணன் கிரேன்ல இருந்து இறங்கி வந்து டீ கிளாஸக் கையில வாங்கினாரு. வாங்கினவரு அப்படியே உக்காந்துட்டாரு. அவ்வளவுதான். கிளாஸ் கூட உடையலியாம்.

முப்பதாம் நாள் பூசை முடிஞ்சதும் மைனி என்னக் கூப்பிட்டாவ. இதே பையோட கிட்டாரத் தூக்கிக் குடுத்தாவ. “கோயில்லயே வாசிங்க கஸ்பார். அவிய வச்சிருந்த மாதிரியே வச்சிக்கிடுங்க.” இவ்வளவுதான் சொன்னாவ. அதுக்கப்புறம் ஒரு வருசம் துக்கம், அவிய பாட வரல.

நான் வச்சிக்கிட்டேனா இல்லியா? அண்ணன் வச்சிருந்ததவிட நல்லா வச்சிக்கிட்டேன். கேளுங்க. மொதல்ல உள்ள தொறந்தேன். வயரெல்லாம் பச்சை பிடிச்சிக் கிடந்திச்சு, அத்தனையும் புதுசு போட்டேன். காப்பர் ஃபாயில் ஒட்டினேன், மூலை முடுக்கு விடாம, கண்ணாடி மாதிரி. கம்பி பதினெட்டு வருசத்துல ஒரே தடவதான் மாத்தியிருப்பாரு போல, கறுத்துக் கிடந்திச்சு. தூரப் போட்டுட்டுப் புதுசு கட்டினேன். பின்பக்கம் அவரு பெல்ட் பக்கிள் உரசி உரசி ஒரு கை அகலத்துக்கு மரம் தெரிஞ்சிச்சு. தேச்சி, பட்டி பாத்து, பெயிண்ட் அடிச்சு, மெருகு போட்டேன். கடைசியாத்தான் பிக்கப். ரெட்டைக் காயில் போட்டேன், ஹம் செத்துப்போச்சு. பழசு மேசையில கிடந்திச்சு. நான் போட்ட விளம்பரத்த நீங்க எங்கயோ பாத்துட்டுக் கேட்டீங்க, அனுப்பிட்டேன்.

இருங்க தம்பி, நீங்க சொல்லலாம், நான் முடிச்சிக்கிடுதேன். பாதியில விட்டா எனக்கு விட்ட இடம் மறந்துரும்.

உள்ள தொறந்தப்ப ஒரு ஓலை இருந்திச்சு. குருத்தோலை ஞாயித்துக்கிழம குடுப்பாங்கள்லா, அத சின்னச் சிலுவையா மடிச்சு வயருக்கு நடுவுல செருகி வச்சிருந்தாரு. காஞ்சு சருகாக் கிடந்திச்சு. ஈரத்த இழுக்கும், வயரெல்லாம் பச்சை பிடிக்கதே அதனாலதான். எடுத்துப் போட்டேன். தொட்டதுமே தூளாப் போச்சு, ஊதிவிட்டேன். இதுல என்ன தப்பு? எந்த எலக்ட்ரிக்கல்காரனும் அதத்தான் செய்வான்.

மொதல் வருச நினைவுப் பூசை வந்திச்சு. அன்னைக்குத்தான் மைனி திரும்பப் பாட வாறாவ. கோயில் நிறைய ஆளு. துறைமுகத்துல இருந்து ஒரு லாரி ஆளு வந்திருந்திச்சு. நான் அண்ணன் உக்காருற அதே ஸ்டூல்ல உக்காந்திருக்கேன், அண்ணன் கிட்டார் மடியில. பெருமையா இருந்திச்சு தம்பி, பொய் சொல்லுவானேன். அண்ணன் கிட்டாரு இப்பத்தான் அண்ணன் கிட்டாராட்டம் பேசப் போவுதுன்னு நினைச்சேன்.

நன்மை நேரம். மைனி எந்திரிச்சு மைக்குப் பக்கத்துல வந்தாவ. நான் சொருகி, கைய வச்சு, தயாரா இருக்கேன். மைனி எடுக்கல. நின்னுக்கிட்டே இருக்காவ. சரி, வரி மறந்துட்டாவன்னு நான் மெதுவா மொதல் வரியோட சுருதிய ஒரு தட்டு தட்டினேன். என்னத் திரும்பிப் பாத்தாவ. நான் தலையாட்டினேன். எடுக்கல. ஆளுக வரிசையில வந்துட்டிருக்கு, சாமியார் ஒருக்க நிமிந்து பாத்துட்டுக் குனிஞ்சிக்கிட்டாரு. நான் ரெண்டாவது தட்டு. மூணாவது. எனக்குக் கோவமே வந்திருச்சு. ஒரு வருசம் நான் உழைச்ச உழைப்பு, இந்த அம்மா இப்படி நிக்குதேன்னு. மைனி மைக்க ஸ்டாண்டுல வச்சிட்டு, முக்காடச் சரி பண்ணிட்டு, நடுப்பாதை வழியா இறங்கி வெளிய போயிட்டாவ. செருப்பு மாட்டுற சத்தம் வரைக்கும் கேட்டிச்சு.

பூசை முடிஞ்சு ஒருத்தனாவது என்கிட்ட வந்து, கிட்டாரு சத்தமில்லாம சுத்தமா இருக்கு கஸ்பாரு, நல்ல வேலைன்னு சொன்னானா? ஒருத்தன் சொல்லல.

தப்பு என் மேலயா? சொல்லுங்க.

மைனி மக மெர்லின், அதுதான் கீபோர்டு வாசிக்கும். ஒரு மாசம் கழிச்சு அது கடைக்கு வந்து சொன்னிச்சு. “மாமா, அம்மா வரி மறக்கல. அம்மா அந்த ஹம்முக்குக் காத்துக்கிட்டிருந்தாவ.”

எனக்கு விளங்கல. அந்தப் பிள்ள பொறுமையாச் சொன்னிச்சு. அண்ணன் சொருகினதும் ‘ம்ம்ம்’னு வருதுல்லா, அதுதான் மைனிக்குச் சுருதி. அந்தப் பிள்ள கீபோர்டுல வச்சே காட்டிச்சு, அது ஜிங்கிற சுரம், சுத்த ஜி கூட இல்ல, அதுக்கு ஒரு நூலு மேல. அதக் கேட்டு மைனி மனசுக்குள்ள பிடிச்சிக்கிடுவாவ. அண்ணன் கைய வைப்பாரு, சத்தம் நிக்கும். நின்னா, எடுன்னு அர்த்தம். பதினெட்டு வருசம் இதுதான் நடந்திருக்கு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டதே இல்ல, தலையாட்டினதே இல்ல. நான் அஞ்சடி தள்ளி உக்காந்து பல்லக் கடிச்சிட்டு இருந்திருக்கேன்.

“அப்புறம் ஏன் பிள்ள யாரும் என்கிட்டச் சொல்லல?”

“நீங்க கேக்கலியே மாமா” ன்னிச்சு.

அன்னையில இருந்து மைனி பாடுறதில்ல. கோயில்ல மட்டும் இல்ல தம்பி. அடுப்படியில முணுமுணுக்கிறது கூட இல்லன்னு மெர்லின் சொல்லுது. என்னையும் இப்ப வாசிக்கக் கூப்பிடுறதில்ல, பேஸுக்கு அந்தப் பிள்ளையே இடது கையில அமுக்கிக்கிடுது. அது போவட்டும். எனக்கு மைனி பாடணும். அவ்வளவுதான் எனக்கு வேணும். ராத்திரி படுத்தா அவிய மைக்க வச்ச சத்தம் காதுல கேக்கு.

நான் சும்மா இருக்கவன் இல்ல. கோளாறு எதுன்னு தெரிஞ்சா சரி பண்ணிருவேன், அதுதானே என் தொழிலு? ஃபாயில் முழுக்க உரிச்செடுத்தேன். ரெட்டைக் காயில அவுத்தேன். கடையில கம்பி இருக்கு, காந்தம் இருக்கு, நானே ஒத்தக் காயில் ஒண்ணு சுத்தினேன். ஹம் வந்திச்சு! ஊரக் கூட்டுற மாதிரி வந்திச்சு. ஆம்பு, கிட்டாரு, டூல்ஸ் பை எல்லாத்தையும் ஆட்டோவுல போட்டு ஒரு சனிக்கிழம சாயங்காலம் மைனி வீட்டுக்குக் கொண்டு போனேன்.

மைனி டீ போட்டுக் குடுத்தாவ. நான் குடிக்கல, மொதல்ல இதக் கேளுங்கன்னு சொருகினேன். ‘ம்ம்ம்’னு வந்திச்சு. மைனி கேட்டுக்கிட்டு நின்னாவ. நான் கைய வச்சேன். நின்னிச்சு. “இப்பப் பாடுங்க மைனி.”

“சத்தம் வருது கஸ்பார். சரிதான்” ன்னாவ. பாடல.

கிட்டார வாங்கித் திருப்பினாவ. பின்பக்கம் நான் மெருகு போட்ட இடத்துல கைய வச்சித் தடவினாவ. பெல்ட் உரசின இடத்தத் தேடுறாவன்னு எனக்குத் தெரிஞ்சிச்சு. எங்க இருக்கும்? நான் பாத்த வேலையில அது இருந்த தடமே தெரியாது. அப்புறம் மூடித் தகட்டுமேல விரல வச்சிக்கிட்டு, “உள்ள ஒரு ஓலை இருந்திச்சா? கல்யாணமான வருசம் நான் மடிச்சுக் குடுத்தது” ன்னு கேட்டாவ.

இல்லியேன்னுட்டேன். நான் தொறக்கும்போது ஒண்ணும் இல்ல மைனின்னுட்டேன். உங்ககிட்டச் சொல்லுதேன், ரெஜினாகிட்ட கூடச் சொல்லல. அவிய என்ன நம்பலன்னு மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சிச்சு. கிட்டாரக் கையில குடுத்துட்டு ஒண்ணுதான் சொன்னாவ. “ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம்லா கஸ்பார்?”

அவ்வளவுதான். நான் ஆட்டோவுல வரும்போது யோசிச்சேன். அவிய ஏன் பாடல? ஹம் வருது, கைய வச்சா நிக்கு, எல்லாம் சரி. அப்ப ஹம் அதே ஹம் இல்ல! நான் சுத்தினது என் காயில், என் கம்பி. அண்ணனோட பிக்கப்ல சுத்துன கை வேற, காந்தம் வேற, வயசு வேற. அவிய காது அத லேசுல விடுமா? பழைய பிக்கப் வந்தாத்தான் ஆவும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். உங்க விலாசம் கூரியர் சீட்டுல இருந்திச்சு, அந்தச் சீட்டத் தேடவே இத்தனை மாசம் ஆயிருச்சு. வர்ற ஞாயித்துக்கிழம ரெண்டாவது வருச நினைவுப் பூசை. இன்னைக்கு நீங்க கழட்டிக் குடுத்தா நாளைக்கே மாட்டிருவேன். வேற பிக்கப் ஏழு கிட்டார்ல எது வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க. ஊட்டிக் கிட்டாரயே முழுசா எடுத்துக்கிடுங்க, நான் மூச்சு விட மாட்டேன்.

சொல்லுங்க. அப்பப் பிடிச்சு என்னமோ சொல்ல வாறீங்கள்லா. சொல்லுங்க.

என்னது?

ஆமா, ஹம் இருந்திச்சு. இருக்கத்தான் செய்யும். அதுக்கு?

பிரிச்சீங்களா? பிரிச்சுன்னா, வெளிக் கவரயா? காயிலயா? காயில முழுசா அறுத்துட்டு?

புதுசா சுத்தி, எதிர்ச் சுத்துக்கு இன்னொரு காயிலும் சேத்து. சரி. காந்தமும் மாத்தினீங்களா? பழைய கம்பி எங்க? சுருட்டி எங்கயாவது வச்சிருப்பீங்கள்லா? பழைய பேப்பர்க்காரன்கிட்டயா?

ஏன் தம்பி, பார்சல்ல என் நம்பர் எழுதித்தான அனுப்பினேன்? பதினெட்டு வருசம் ஒரு மனுசன் வாசிச்ச பொருளு. ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம்லா?

இல்ல. ஒண்ணுமில்ல. கொஞ்சம் தண்ணி குடுங்க.

உங்க மேல கோவம் இல்ல தம்பி. உங்க பொருளு, நீங்க பிரிச்சீங்க, யாருகிட்டக் கேக்கணும்? வந்த உடனே சொல்லத்தான் பாத்தீங்க, நான்தான் வாயத் திறக்க விடல. இப்ப நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்? காதுல விழுந்திச்சுல்லா? இத்தனை மாசமா மைனி சொன்னத பிக்கப்பப் பத்தின பேச்சுன்னு நினைச்சிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். பாவி, எனக்கு எதுவுமே காதுல விழுந்ததில்ல போலுக்கு.

ஞாயித்துக்கிழம வரைக்கும் வேண்டாம். இன்னைக்கே பஸ் இறங்கி நேரா அவிய வீட்டுக்குப் போறேன். ஆம்பு வேண்டாம், டூல்ஸ் பை வேண்டாம். ஓலை இருந்திச்சு, நான்தான் ஊதிவிட்டேன்னு சொல்லணும். கதவத் திறந்தாவன்னா சொல்லுவேன். திறக்கலன்னா திண்டாட்டம்தான், என்ன செய்யன்னு எனக்குத் தெரியல.

அதுக்கு முன்னால ஒண்ணு. உங்க கிட்டார ஆம்ப்ல சொருகுங்க. அதுல இருக்கது அண்ணன் பிக்கப் இல்லன்னாலும், அந்த வெளிக் கூடு அவரோடதுதான? கேட்டுட்டுப் போறேன். வால்யூம் முழுசா வைங்க. கைய கம்பிமேல வச்சிக்கிடுங்க.

ம். சுத்தமா இருக்கு. ஒரு முனகல் இல்ல. நல்ல வேலை தம்பி. எனக்கு யாரும் சொல்லல, நான் உங்களுக்குச் சொல்லுதேன், நல்ல வேலை.

இப்ப கம்பியில இருந்து கைய எடுங்க.

எடுங்க தம்பி.

எடுத்துட்டீங்களா? ‘ம்ம்ம்’ வரவேயில்லியே, எப்ப எடுத்தீங்க?